தீபாவளித் துணியும் சீட்டுக் காசும்

ஐப்பசி பிறந்தாச்சு, தள்ளுபடி நோட்டீஸும் வர ஆரம்பிச்சாச்சு. எங்க ஊர் ஜனம் கடன் வாங்காம தீபாவளிக்குத் துணி எடுத்த கதையைச் சொல்றேன்.

எங்க அப்பா ஒரே பீஸில் மொத்தமாகக் கிழித்து வருவார். பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. வளர்ற பிள்ளைன்னு தையல்காரர் ரெண்டு விரல் கூட்டியே தைப்பார். வேட்டி, சேலைக்குக் கோ-ஆப்டெக்ஸ். நெசவாளர்களுக்காக 1935-ல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம் அது. தீபாவளித் தள்ளுபடி இப்பவும் அங்கே 30 சதவீதம் வரை உண்டு.

காசு சேர்த்தது தீபாவளிச் சீட்டில். பால் காசு, களையெடுத்த கூலி எல்லாம் வாராவாரம் அதில் போகும். ஐப்பசியில் துணி, பலகாரச் சாமான், பட்டாசு, ஒரு சில்வர் பாத்திரம் கைக்கு வரும். சீட்டுப் பிடிச்சவர் பக்கத்துத் தெருக்காரர். அதுதான் ஜாமீன்.

பிறகு முகம் தெரியாத கம்பெனிகள் ஏஜென்ட் வைத்து, தங்கக் காசு தர்றோம்னு ஆசை காட்டின. பரிசுச் சீட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 1978-லேயே வந்தாச்சு. இருந்தும் எங்க பக்கம் ஒரு கம்பெனி புரட்டாசியிலேயே கதவைப் பூட்டிட்டுப் போயிருச்சு. களையெடுத்த காசு அத்தனையும் போச்சு.

சீட்டு நல்ல பழக்கம்தான். கட்டினதுக்கு மேல அள்ளித் தர்றேன்னு எவனாவது சொன்னா, அந்தப் பணம் எங்கேயிருந்து வருதுன்னு கேளுங்க.