வளைந்த மரமும் வஜ்ஜிரப் பசையும்

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் பசை வரலாறு. பழனிசெட்டிபட்டியில உட்கார்ந்துகிட்டு இவனுக்கு ஏன் இந்த வேலைன்னு கேட்காதீங்க, விஷயம் இருக்கு.

நேரான பலகையில பசைக்குப் பெரிய வேலை இல்லை. கழுந்தும் துளையும் பாரத்தைத் தாங்கிடும். வளைவு அப்படி இல்லை. மெல்லிய பட்டைகளைப் பசை தடவி அடுக்கி, அச்சுல வளைச்சு, கிளாம்ப் போட்டுக் காயவைக்கிறோம். கிளாம்பைக் கழட்டின நாளிலிருந்து ஒவ்வொரு பட்டையும் நிமிரத்தான் பார்க்கும். அதைப் பிடிச்சு வைக்கிறது பசை மட்டுமே.

அந்தக் காலத்து ஆசாரிகளுக்கு வஜ்ஜிரம்தான். மாட்டுத்தோல், எலும்பைக் காய்ச்சி எடுத்த பசை. காய்ந்தால் கல்லு, ஈரம் ஏறினால் இளகிடும். ஜெர்மனியின் போப்பார்ட் ஊர்த் தச்சர் மைக்கேல் தோனெட் 1830களில் இதே வகைப் பசையில் மரப்பட்டைகளை வேகவைத்து வளைத்து நாற்காலி செய்தார். அழகுதான். ஆனால் ஈரமான வெப்ப நாடுகளுக்குக் கப்பலேறினால் ஒட்டு விட்டது. கடைசியில் பசையே வேண்டாம் என்று முழு மரத்தையும் நீராவியில் வளைத்தார். அதற்கு 1856ல் உரிமம், 1859ல் புகழ்பெற்ற 14ஆம் எண் நாற்காலி. பசை தோற்றதால் பிறந்த நாற்காலி அது!

நாற்காலியோடு போச்சா? இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பறக்கவிட்ட மஸ்கிட்டோ விமானம் மரத்தால் ஆனது. தொடக்கத்தில் ஒட்டியது பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசையால். இந்தியாவுக்கு வந்தவற்றில் சில வானிலேயே உடைய, 1944 இறுதியில் தரையிறக்கிச் சோதித்தார்கள். வெயிலும் மழையும் காரணம் என்றது ஒரு தரப்பு, தொழிற்சாலை வேலை சரியில்லை என்றது இன்னொன்று. உயிர் போன பிறகு நடந்த வாக்குவாதம். உற்பத்தி ஏற்கனவே ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறிக்கொண்டிருந்தது.

நம்ம ஊர்ப் பட்டறைகளை மாத்தினது 1959ல் வந்த ஃபெவிகால். காய்ச்ச வேண்டாம், நாத்தம் இல்லை. சாதாரண மூட்டுக்கு அருமை. ஆனா இந்த வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் கொஞ்சம் நெகிழும் குணமுள்ளது. ஓயாத இழுப்பில், அதுவும் சூட்டில், பட்டைகள் மயிரிழை மயிரிழையா நழுவி வளைவு விரியும். யூரியா ஃபார்மால்டிஹைடு விறைப்பா இறுகும், நழுவாது. ஆனா தொடர்ந்து நனைஞ்சா அதுவும் தாங்காது. வெளியில மழைபடுற இடத்துக்கு ரிசார்சினால் வகைதான் சரி.

அதனால வளைந்த கைப்பிடி வச்ச நாற்காலி செய்யச் சொன்னா, தேக்கா வேங்கையான்னு மட்டும் கேட்காம, என்ன பசை, எங்க போடப்போறோம்னும் பேசிடுங்க. நாலு வருஷம் கழிச்சு வளைவு விரிஞ்சா பழி ஆசாரி தலையில்தான் விழும். அவர் கை சுத்தமா இருந்திருக்கலாம். விலை குறைவான பசையே போதும்னு சொன்னது நாமளா இருந்திருக்கலாம்.