பறை கேளாத இசைநாடகங்கள்: ரொமாண்டிக் கால ஐரோப்பிய இசையில் தமிழ் மாந்தர்

மேற்கத்தியச் செவ்வியல் இசையில் ரொமாண்டிக் காலம் என்பது ஏறத்தாழ 1820 முதல் 1910 வரை. பீத்தோவனின் கடைசிப் படைப்புகளை ஒட்டித் தொடங்கி மாலரின் சிம்ஃபொனிகளோடு அது முடிகிறது. அந்தக் காலத்தின் கடைசி இருபது ஆண்டுகளில்தான் ஆனைமலையில் சோலைக்காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டுக் காப்பியும் தேயிலையும் நடப்பட்டன, சமவெளிக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்து ஏற்றினார்கள், வால்பாறை உருவானது. பாரிஸின் ஓபரா அரங்குக்கும் வால்பாறையின் லைன் வீடுகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. தேயிலைக்காக மலையேறிய மக்களில் பெரும்பகுதியினர் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்களோ, அவற்றுள் ஒன்றின் பெயரைத்தான் ஐரோப்பிய மேடை அதற்கு முன்பே நாயகர்களுக்குச் சூட்டியிருந்தது.

ரொமாண்டிக் இசை தமிழ் நிலத்திலிருந்து இரண்டு மாந்தரை எடுத்துக்கொண்டது: கோயில் நடனமாது, தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்டவர். இருவரிடமும் மிகுந்த இரக்கம் காட்டியது. இருவருடைய இசையையும் கேட்கவில்லை. முதலாமவரின் குரல் மிகத் தாமதமாக, கோயம்புத்தூர்ப் பாடகி ஒருவரின் இசைத்தட்டு வழியாக, ஐரோப்பிய இசைத்தாளில் ஏறியது. இரண்டாமவருக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. இந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கம் புதுச்சேரி வழியாக வருகிறது. பிரெஞ்சுப் பயணி பியேர் சொன்னரா 1782-இல் வெளியிட்ட இந்தியப் பயண நூலில், தான் கேட்ட கதைகளை எழுதி வைத்தார். அவற்றில் இரண்டு ஜெர்மன் கவிஞர் கதேயைப் பிடித்துக்கொண்டன. ஒன்று, மனித உருவில் வந்த தெய்வத்தோடு தீயில் இறங்கத் துணிந்த தாசியின் கதை. அதிலிருந்து 1797-இல் ஒரு கதைப்பாடலை கதே எழுதினார். மற்றொன்று நம் ரேணுகாதேவியின் கதை. தலை வெட்டுண்ட பார்ப்பனப் பெண்ணின் தலை, தாழ்த்தப்பட்ட பெண்ணின் உடலோடு பொருந்தி மாரியம்மனாக எழும் கதை அது. 1824-இல் வெளிவந்த 'பரியா' (பறையர் என்ற தமிழ்ச் சொல்லின் ஐரோப்பிய வடிவம்) என்னும் மூன்று பகுதிக் கவிதையின் நடுப்பகுதி இதுதான். கொங்கு நாட்டில் மாரியம்மன் பொங்கலுக்குக் கம்பம் நட்டு ஆடும் எவருக்கும் இக்கதையின் ஏதோ ஒரு வடிவம் தெரியும். வைமார் நகரத்துக் கவிஞர் அதைத் தன் முதுமையின் ஆழமான கவிதைகளுள் ஒன்றாக ஆக்கிக்கொண்டார் என்பது நம் இலக்கிய வரலாறுகளில் இன்னும் அழுத்தமாகப் பேசப்பட வேண்டியது.

ரொமாண்டிக் காலத்தின் முதல் பெரும் வடிவமான 'லீட்' இக்கவிதைகளை ஏற்றுக்கொண்டது. ஒரு குரல், ஒரு பியானோ, ஒரு கவிதை என்பதே லீட். பியானோ வெறும் பக்கவாத்தியமாக நிற்காமல் கவிதையின் மனநிலையைத் தானும் சொல்லும். ஷூபர்ட் 1815-இல், பதினெட்டாம் வயதில், தாசியின் கதைப்பாடலுக்கு இசையமைத்தார். எல்லாச் சரணங்களுக்கும் ஒரே மெட்டு. தெய்வம் ஊருக்குள் நுழையும்போதும், தாசி சிதையில் பாயும்போதும் மெட்டு மாறுவதில்லை. வேறுபாட்டைப் பாடுபவர்தான் உண்டாக்க வேண்டும். நம் கதைப்பாடல் மரபிலும் இத்தகைய முறை உண்டு என்பதால், அறியாமலே ஷூபர்ட் மூலத்துக்கு நெருங்கி வந்துவிட்டார் என்று தோன்றுகிறது. கார்ல் லோவே இன்னும் ஒரு படி மேலே போனார். மாரியம்மன் கதை உட்பட 'பரியா' முழுவதற்கும் அவர் இசையமைத்தார். கதை நகர நகர இசையும் மாறிச் செல்லும் பாலாடு முறை அவருடையது.

லீடின் சிறிய அறையிலிருந்து மேடைக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. 1830 அக்டோபரில் பாரிஸ் ஓபராவில் ஓபேர் இசையமைத்த 'தெய்வமும் தாசியும்' அரங்கேறியது. பாதி ஓபரா, பாதி பாலே. நாயகி சொலோயேவாக ஆடியவர் அன்றைய பெரும் நட்சத்திரம் மாரி தாலியோனி. அவர் நடனக்காரர், பாடகி அல்லர். எனவே அந்த நாட்டு மொழி தெரியாத பெண்ணாக நாயகியை ஓபராவின் கதையாசிரியர் ஸ்க்ரீப் எழுதிவிட்டார். சுற்றியுள்ள அனைவரும் பாட, தாசி மட்டும் சைகை காட்டி ஆடுகிறாள். பாட்டும் பரதமும் ஒன்றாய்க் கற்றவர்கள், பதம் பாடி அபிநயம் பிடித்தவர்கள் நம் தேவரடியார்கள். அவர்களைப் பற்றிய ஐரோப்பாவின் புகழ்பெற்ற இந்த மேடைச் சித்திரம் பேசவே பேசாதது. ஒரு நடனக்காரரின் வசதிக்காகச் செய்த ஏற்பாடுதான் அது. ஆனால் அதன் பின்விளைவு பல பத்தாண்டுகள் நீடித்தது.

அதே 1830 டிசம்பரில் அதே நகரத்தில் பெர்லியோஸின் 'ஃபான்தாஸ்டிக் சிம்ஃபொனி' அரங்கேறியதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். காதலியைக் குறிக்கும் ஒரே மெட்டு ஐந்து பகுதிகளிலும் உருமாறி உருமாறி வருகிறது. சொல்லின்றிக் கதை சொல்லும் இசை என்ற எண்ணம் அங்கிருந்து லிஸ்ட்டின் இசைக்கவிதைகளுக்கும், வாக்னர் ஒவ்வொரு மாந்தருக்கும் பொருளுக்கும் தனி மெட்டு சூட்டிய முறைக்கும் போகிறது. இன்று தமிழ்த் திரைப்படத்தில் நாயகி வரும்போதெல்லாம் ஒரு குழலோசை வருகிறதே, அதன் மூதாதை இதுதான்.

1838-இல் உண்மையான தாசிகளே பாரிஸுக்குப் போனார்கள். கடலூர் அருகே உள்ள திருவந்திபுரத்தைச் சேர்ந்த ஐந்து நடனமாதரும் மூன்று இசைக்காரர்களும் தார்திவேல் என்பவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கப்பலேறினார்கள். அரசர் லூயி பிலிப்பின் முன்னிலையிலும், வாரியேத்தே அரங்கிலும், பின்னர் லண்டனின் அடெல்ஃபி அரங்கிலும் ஆடினார்கள். அக்குழுவின் நடனமாது அம்மணி பாரிஸின் பேச்சுப்பொருளானார். சிற்பி அகுஸ்த் பார் அவருடைய வெண்கலச் சிலையை வடித்தார். கவிஞர் தியோஃபில் கோத்தியே பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதினார். பெர்லியோஸின் 'கோடைகால இரவுகள்' பாடல்களின் கவிஞரும், 'ஜிசெல்' பாலேயின் கதையாசிரியரும் அவரே. ரொமாண்டிக் அழகியலின் நடுவில் நின்றவர். அவர் கண் அம்மணியின் நிறத்திலும் நகையிலும் அசைவிலும் ஊன்றி நின்றது. தாளமும் மத்தளமும் குழலும் கொண்ட அந்த மூவர் இசையிலிருந்து எந்த இசையமைப்பாளரும் ஒரு புதிய தாளக் கணக்கையோ ராகத்தையோ கற்றுக்கொண்டதன் தடயம் ரொமாண்டிக் இசையின் பெரும் படைப்புகளில் இல்லை. வாசல் வரை வந்த இசையை அந்த நகரம் கண்ணால் பார்த்து அனுப்பிவிட்டது.

இரண்டாவது மாந்தருக்கு வருவோம். கசிமிர் தெலவீஞ் 1821-இல் பாரிஸில் 'பரியா' நாடகத்தை அரங்கேற்றினார். பிறப்பை மறைத்துக்கொண்டு படைத்தலைவனாகிவிட்ட இதமோர், தலைமைப் பூசாரியின் மகள் நேயலாவைக் காதலிக்கிறான். காட்டிலிருந்து தேடி வரும் தந்தையால் உண்மை வெளிப்படுகிறது. இதமோர் சாவை ஏற்கிறான். கதை நடப்பது காசியில். தமிழ்ச் சொல்லைக் காசிக்குக் கொண்டுபோனதில் எவருக்கும் உறுத்தல் இல்லை. 1823-இல் பெர்லினில் மிகாயேல் பேயர் அதே பெயரில் ஒரு நாடகம் எழுதினார். இவர் இசையமைப்பாளர் மாயர்பேரின் தம்பி; யூதர். சமூகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவனின் வலி அவருக்குச் சொந்த வலி. தனித்து நிற்கும் மனிதனைப் போற்றிய ரொமாண்டிக் மனத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாயகன் கிடைத்திருக்க முடியாது.

தெலவீஞின் கதையை டோனிசெட்டி 1829 ஜனவரியில் நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்கில் ஓபராவாக்கினார். அது நிலைக்கவில்லை. பிறகு அதன் இசைப் பகுதிகளை அவர் வேறு ஓபராக்களில் பயன்படுத்திக்கொண்டார். இங்கிலாந்து அரசியின் கதையான 'அன்னா பொலேனா'வும் அவற்றுள் ஒன்று. இது அக்கால இத்தாலிய வழக்கம், குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் காசியில் வைத்த கதைக்கு எழுதிய இசை லண்டன் அரசவைக்கும் எளிதாகப் பொருந்தியது என்றால், அந்த இசையில் இதமோரின் மண் எவ்வளவு இருந்திருக்கும்? போலந்தின் மொனியுஷ்கோ 1869-இல் வார்சாவில் அதே கதையை மீண்டும் ஓபராவாக்கினார். அவருடைய மற்ற ஓபராக்களில் போலந்து நாட்டார் நடனங்களான மசூர்காவும் பொலொனேஸும் நிறைந்திருக்கும். தன் மக்களின் தாளத்தை அத்தனை அன்போடு கேட்ட காதுக்கு, பறை முழக்கம் எட்டும் வழியே இல்லாமல் போனது. நாட்டார் இசையே ஒரு தேசத்தின் உயிர் என்ற ரொமாண்டிக் கொள்கை கிரீக், ஸ்மெதனா, த்வோர்ஷாக் என ஐரோப்பா எங்கும் பரவியது. அந்தக் கொள்கையின் எல்லை ஐரோப்பாவின் எல்லையாகவே இருந்தது.

அதற்கு வெளியே இருந்த உலகத்துக்கென்று ஓர் ஆயத்தச் சரக்கு இருந்தது. அசையாத ஆதார சுருதி, ஹார்ப், முக்கோண மணி, நெளியும் அலங்கார ஓட்டங்கள், 'கிழக்கு' என்றதும் வந்துவிடும் ஒரு குறிப்பிட்ட சுர இடைவெளி. அந்த இடைவெளி நமக்கு அன்றாடமானது. மாயாமாளவகௌளையில் சுத்த ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே உள்ளது அதுதான்; சரளி வரிசையின் முதல் நாளிலேயே குழந்தை அதைப் பாடிவிடும். பாரிஸில் அது பாலைவனமாகவும், அரபு நாடாகவும், இந்தியாவாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. 1877-இல் மின்குஸ் இசையில் பெதிபா அமைத்த 'லா பயதேர்' பாலேயிலோ பெரும்பகுதி வால்ட்ஸ் போன்ற ஐரோப்பிய நடன இசைதான்.

இந்த மரபின் உச்சம் 1883 ஏப்ரலில் பாரிஸில் அரங்கேறிய தெலீபின் 'லாக்மே'. இரண்டு மாந்தரும் இங்கே ஒரே பாட்டில் சேர்கிறார்கள். பூசாரியின் மகள் லாக்மே சந்தையில் நின்று, பறையர் மகள் ஒருத்தி தன் சிறுமணிகளை ஒலித்துக் காட்டு விலங்குகளிடமிருந்து விஷ்ணுவைக் காத்த கதையைப் பாடுகிறாள். முதலில் சொல்லில்லாத ஆலாபனை போன்ற ஓட்டம், பிறகு கதை, பிறகு குரலே மணியாகித் துண்டு துண்டாக உச்ச சுரங்களைத் தொடுகிறது. சோப்ரானோக்களின் திறனுக்கு இன்றும் இது உரைகல். எனக்கு இப்பாட்டு மிகவும் பிடிக்கும், இதன் அழகில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கையில் மணியைத்தான் கொடுத்தார்கள். அவள் குலத்தின் பெயரிலேயே இருக்கும் கருவி கதையில் எங்கும் வரவில்லை.

'லாக்மே' அரங்கேறிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஆனைமலையில் கார்வர் மார்ஷ் போன்ற தோட்டக்காரர்கள் காட்டைத் திறந்துகொண்டிருந்தார்கள். திருநெல்வேலி, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து முன்பணம் வாங்கிய குடும்பங்கள் நடந்தே மலையேறின. மலேரியாவும் குளிரும் எத்தனை பேரைக் கொண்டுபோயின என்பதை, 1940-களில் இத்தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் வெளியிட்ட 'ரெட் டீ' நாவல் சொல்கிறது. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்த அந்நூலின் கருப்பனும் வள்ளியும், இதமோரும் நேயலாவும் பாடிய துயரத்தை வாழ்ந்தவர்கள்.

இதே கொங்கு மண்ணிலிருந்துதான் ஐரோப்பிய இசைத்தாளுக்கு ஓர் உண்மையான குரல் போனது. கோயம்புத்தூர்த் தாயி (1872–1917), இயற்பெயர் பழனி குஞ்சரம், தேவரடியார் மரபில் வந்தவர், சென்னையில் புகழ்பெற்றவர், கிராமபோன் தட்டுகளில் ஏராளமாகப் பாடியவர். ராவெலின் மாணவரான மொரீஸ் தெலாஜ் 1912-இல் இந்தியா வந்தார். அந்தப் பயணத்தில் பிறந்த 'நான்கு இந்துக் கவிதைகள்' 1914 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறின. அவற்றுள் முதல் பாட்டின் பெயர் 'மதராஸ்', சொற்களோ பர்த்ருஹரியுடையவை. பழைய பழக்கம் முழுக்க விடவில்லை. ஆனால் தெலாஜின் 'ராகமாலிகா' வேறு தரம். தாயியின் தட்டைக் கேட்டு, தமிழ்ச் சொற்களோடு, குரலின் நெளிவுகளை முடிந்தவரை எழுதிப் பியானோவோடு அமைத்தார். பியானோவின் கீழ்ப்பகுதியில் ஒரு சுரத்தின் தந்திகளுக்கு அடியில் அட்டைத்துண்டு ஒன்றைச் செருகச் சொல்கிறது அதன் குறிப்பு. ஒலி அடங்கி, தோல் வாத்தியத்தின் 'தொம்' போலக் கேட்கும். பிற்காலத்தில் ஜான் கேஜ் பெயரோடு புகழ்பெற்ற, தந்திகளுக்கிடையே பொருள் செருகிய பியானோவுக்கு இது மிக முந்தைய எடுத்துக்காட்டு. எண்பது ஆண்டுகளுக்கு முன் பேச்சற்றவளாக மேடையேறிய தாசிக்கு இங்கே சொல்லும் சுருதியும் இருக்கின்றன. மிருதங்கத்துக்காக ஐரோப்பாவின் தலையாய கருவி தன் ஒலியையே மாற்றிக்கொள்கிறது.

தாசிக்குத் தாயி கிடைத்தார். தோட்டத் தொழிலாளியின் இசைக்கு அப்படியொரு தட்டு அந்தக் காலத்தில் கிடைக்கவில்லை. டேனியலின் நாவலைத் தழுவி 2013-இல் பாலா எடுத்த 'பரதேசி'யில் நாயகன் ராசா ஊருக்குத் தண்டோரா போடுபவன். படத்தின் தொடக்கப் பகுதிகளில் தோலும் குச்சியும் அவன் கையில். ஜி. வி. பிரகாஷ்குமார் இசையமைத்த அந்தப் படத்தில், ரொமாண்டிக் காலம் கொடுத்த பின்னணி இசை மரபும் பறையடிப்பவனும் ஒரே கதைக்குள் சந்தித்தார்கள். மலையேறிய பிறகு அவன் கை கொழுந்துக் கூடைக்குப் போய்விடுகிறது. டோனிசெட்டி தொட்ட கதைக்கு உரிய கருவி வந்து சேர நூற்று எண்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

வால்பாறைத் தோட்டங்களின் மாரியம்மன், காளியம்மன் திருவிழாக்களில் பறை இன்றும் ஒலிக்கிறது. ஒப்பாரியும் கும்மியும் பாடத் தெரிந்த மூத்த பெண்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்றதும் லைன் வீட்டைக் காலிசெய்து சமவெளிக்கு இறங்கும் குடும்பங்களோடு அந்தப் பாட்டுகளும் கலைந்து போகின்றன. கோவையின் இசைக் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் ஒலிப்பதிவுக் கருவியோடு இந்த ஆண்டுத் திருவிழாக்களுக்கே மலையேற வேண்டும். பாடுபவரின் பெயர், அவர் குடும்பம் புறப்பட்டு வந்த ஊர், தாளத்தின் அடவு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பதிவோடும் எழுதி வைக்க வேண்டும்.