வாழ மீன் கல்யாணத்துக்கு வந்தவர்கள்

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். பெயரிலேயே முகவரி. பக்கத்தில் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம்; சற்று உள்ளே போனால் காட்டுக்குப்பம். ஆற்றில் இறால், நண்டு, மடவை. கடலில் சங்கரா, கானாங்கத்தை, நெத்திலி என்று இரண்டு தண்ணீரையும் நம்பிப் பிழைத்த ஊர்கள் இவை. இங்கே ஒரு மீனைக் காட்டினால் பெயரைச் சொல்வதோடு விடமாட்டார்கள். எந்தப் பருவத்தில் வரும், எந்த வலையில் மாட்டும், குழம்புக்கு ஆகுமா வறுவலுக்கு ஆகுமா, கருவாடாகப் போட்டால் என்ன ருசி என்று அதன் ஜாதகமே வந்துவிடும்.

மீனின் ஜாதகம் தெரிந்த இந்தக் காதுகளில் 2006-ல் ஒரு கல்யாணப் பாட்டு விழுந்தது. மிஷ்கினின் முதல் படமான 'சித்திரம் பேசுதடி'யில், சுந்தர் சி. பாபுவின் இசையில், கானா உலகநாதன் பாடிய பாட்டு. வாழ மீனுக்கும் விலாங்கு மீனுக்கும் கல்யாணம். மற்ற மீன்களெல்லாம் அதற்கு வந்த சொந்தபந்தம். உலகநாதனே திரையிலும் தோன்றிப் பாடினார். பாட்டுக்காகவே படத்துக்குப் போனவர்கள் உண்டு. கோயில் திருவிழாவிலிருந்து காதுகுத்து வரை மைக் செட்டுக்காரர்களுக்கு அந்த ஆண்டு வேறு பாட்டே தேவைப்படவில்லை.

மற்ற ஊர்களுக்கு அது ஒரு வேடிக்கைப் பாட்டு, அவ்வளவுதான். கடலோரத்தில் அதற்குள் இன்னொரு சிரிப்பு இருந்தது. எழுத்தில் வாளை, பேச்சில் வாழ. வெள்ளி நாடாவை இழுத்துவிட்டது போல நீண்டு பளபளக்கும் மீன் அது. விலாங்கோ கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டும் நெட்டை, இரண்டும் ஒல்லி. பொருத்தம் பார்த்துத்தான் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள்! மீனைத் தட்டில் மட்டுமே பார்த்தவர்களுக்கு இந்தக் குறும்பு பிடிபட வாய்ப்பில்லை.

இப்படி ஒரு விளையாட்டுப் பாட்டு எங்கிருந்து வந்தது, அதைக் கேட்டவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று தேடினால், வடசென்னையின் இருநூறு ஆண்டுகளுக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

அந்தக் கல்யாணப் பாட்டு பிறந்தது கானா என்ற வடசென்னைப் பாட்டுவகையில். அதன் முன்னோர்களைச் சொல்லும்போது பாடகர்களும் ஆய்வாளர்களும் குணங்குடி மஸ்தான் சாகிபைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, துறவியாகி, வடசென்னைக்கு வந்து தங்கி, 1838-ல் இங்கேயே அடங்கியவர். தொண்டியிலிருந்து வந்தவர் இருந்த இடம் என்பதால்தான் தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் என்று சொல்வதுண்டு. அவருடைய கண்ணிகள் ஏட்டில் கிடந்தவை அல்ல, வாயில் புழங்கியவை. சித்தர் பாடல்களும் சூஃபிப் பாடல்களும் அம்மன் கோயில் பாட்டுகளும் ஒரே தெருவில் கேட்ட வட்டாரம் இது.

அதே காலத்திலிருந்து அச்சுக்கூடமும் கூடவே ஓடி வந்தது. சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் சில காசுகளுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ரயில், கொலை, குடி என்று ஊர் எதைப் பேசியதோ அதைப் பற்றி ஒரு பாட்டு. பாட்டை ராகம்போட்டுப் பாடித்தான் புத்தகத்தை விற்றார்கள். படித்தவர்கள் முகம் சுளித்தார்கள், ஆனால் விற்றது.

பிறகு 1856-ல் ராயபுரத்தில் ரயில் நிலையம்; அடுத்தடுத்து துறைமுகம், பெரம்பூர்ப் பக்கம் பின்னி ஆலை, திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை, எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று வேலைகள் வந்தன. வேலை தேடி வந்தவர்கள் குடிசை போட்டார்கள். தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் கலந்து ஒரு பேச்சு உருவானது. 'கானா' என்ற சொல்லே பாட்டுக்கு உரிய இந்தி-உருதுச் சொல்தான் என்பார்கள். கித்தாரும் இங்கே அந்நியமில்லை. ரயில்வேயில் வேலைபார்த்த ஆங்கிலோ இந்தியர்கள் பெரம்பூரிலும் ராயபுரத்திலும் கிறிஸ்துமஸ் நடனத்துக்கு வாசித்த பேண்டுகள் ரசிகர்களின் காதுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன.

கானா முதலில் வளர்ந்தது சாவு வீட்டில். பிணம் எடுக்கும் வரை இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும். அதற்குப் பாட்டு வேண்டும். கருமாதிக்கும் முதலாண்டு நினைவு நாளுக்கும் பாட்டு வேண்டும். தோல்மேளம் கிடைத்தால் தோல்மேளம். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் குடம், கவிழ்த்த வாளி, பெஞ்சு, எது அகப்பட்டதோ அது. கூடவே புல்புல்தாரா. சாமிப் பாட்டில் தொடங்கி, இறந்தவரின் பெயர், தொழில், குணம், பிள்ளைகள் என்று வரிசையாகப் பாட்டுக்குள் கொண்டுவருவார் பாடகர். நள்ளிரவு தாண்டித் தூக்கம் கண்ணைக் கட்டும்போது வேடிக்கைப் பாட்டு வரும். அழுத கண்ணோடு ஜனங்கள் சிரிக்கும்.

இந்த இடத்தில் ரசிகருக்கு ஒரு வேலை இருந்தது. பாடகர் ஒரு அடியை விட்டால் கூட்டம் திருப்பிச் சொல்லும். இறந்தவரைப் பற்றிப் பாடகருக்குத் தெரியாத ஒன்றைப் பக்கத்தில் இருப்பவர் காதில் ஓதுவார். அடுத்த அடியில் அது பாட்டாகிவிடும். பிடித்தால் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போய் டீ குடிப்பார்கள். விமர்சனம் என்பது அதுதான். ஒரு பாட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், அதில் நம்ம ஆளுடைய பெயரைப் போட முடிகிறதா என்பதே அளவுகோல்.

கானா சினிமாவுக்குப் போனபோது இந்த வேலை பறிபோனது. 1990-களில் தேவா அதைத் திரையில் நிலைநிறுத்தினார். 1996-ல் வந்த 'காதல் கோட்டை'யில் அவரே பாடிய கானா பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. அப்போது எழுந்த இரண்டு விதமான முணுமுணுப்புகளைக் கவனிக்க வேண்டும். இசை தெரிந்தவர்கள் என்று கருதப்பட்டவர்கள் 'இதெல்லாம் ஒரு பாட்டா' என்றார்கள். சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர்களோ 'இதெல்லாம் ஒரு கானாவா' என்றார்கள். இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. ஒலிநாடாவில் வரும் பாட்டில் யாருடைய பெயரையும் போட முடியாதே!

ஆனால் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. கல்லூரி மாணவர்கள் பேருந்தின் தகரத்தைத் தட்டி, சினிமா மெட்டைப் பிடுங்கி, தங்கள் வழித்தட எண்ணையும் கல்லூரிப் பெயரையும் அதில் சொருகினார்கள். கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு மாணவர்களின் 'பஸ் டே' கொண்டாட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு அது போனது வேறு கதை. தகரம் நசுங்கியது என்பதும் உண்மை, பாட்டு திரும்பவும் கைக்கு வந்தது என்பதும் உண்மை.

2011 நவம்பர் 16-ம் தேதி, '3' படத்துக்காக அனிருத் இசையில் தனுஷ் பாடிய 'கொலவெறி' வெளியானபோது, அந்த மாணவர்கள் செய்ததை உலகமே செய்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் வேண்டுமென்றே அரைகுறையாக எழுதப்பட்ட பாட்டு. பெண்கள் தரப்பிலிருந்து பதில் பாட்டு வந்தது, குழந்தைக் குரலில் ஒன்று வந்தது, வேறு மொழிகளில் வந்தது. மொழி அழிந்துபோகிறது என்று கவலைப்பட்டவர்களும் இருந்தார்கள். பார்த்தவர்கள் எண்ணிக்கையைப் பற்றித்தான் அன்று எல்லோரும் எழுதினார்கள். பாட்டைக் கேட்டவர் உடனே அதற்குள் புகுந்து தன் சங்கதியைப் பாடுகிற பழக்கம் வடசென்னையின் புளியந்தோப்புக்கும் காசிமேட்டுக்கும் எவ்வளவு பழையது என்பதை யாரும் எழுதக் காணோம்.

அடுத்த ஆண்டு 'அட்டகத்தி'. பா. ரஞ்சித்துக்கும் சந்தோஷ் நாராயணனுக்கும் முதல் படம். வழக்கறிஞருக்குப் படித்த கானா பாலா அதில் நடுக்கடலில் நிற்கும் கப்பலை வைத்து ஒரு காதல் புலம்பலைப் பாடினார். துறைமுகத்து வாசலில் வாழ்கிறவர்களுக்குக் கப்பலை விட்டால் வேறு என்ன உவமை கிடைக்கும்?

குறும்புப் பாட்டென்றால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது நம்மூரில் மட்டும் நடப்பதில்லை. 1968-ல் பீட்டில்ஸ் குழு 'ஒப்-லா-டி, ஒப்-லா-டா' என்ற துள்ளல் பாட்டை வெளியிட்டது. அந்த வார்த்தை லண்டனில் இருந்த நைஜீரிய இசைக்கலைஞர் ஜிம்மி ஸ்காட் அடிக்கடி சொல்வது. பால் மெக்கார்ட்னிக்குப் பாட்டின்மேல் அவ்வளவு ஆசை. ஜான் லென்னனுக்கு அவ்வளவு எரிச்சல். அதையே மார்மலேட் என்ற இன்னொரு குழு பாடி, 1969 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. தீவிரமான ராக் ரசிகர்கள் இன்றுவரை அதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கல்யாண வீடுகளில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நம்மூர் ராக் மேடைக்குக் கானா ஏறியது 2018 ஜனவரி 6-ம் தேதி, கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில். ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி. பெயர், அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. கித்தார், டிரம்ஸ் ஒரு பக்கம். பறை, சட்டி, கட்டமோளம் மறுபக்கம். நடுவில் கோட்டு சூட்டு போட்ட கானாக்காரர்கள். ராயபுரத்து இசைவாணி அவர்களில் ஒருவர். ஆண்களே பாடிவந்த கானாவில் பெண் குரலாக நின்ற அவரை 2020-ல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

அந்த மேடையில் இட ஒதுக்கீடும் மாட்டுக்கறியும் கையால் மலம் அள்ளும் கொடுமையும் பாட்டாயின. துள்ளல் குறையவில்லை. ஆயிரக்கணக்கானோர் எழுந்து ஆடினார்கள். சாவு வீட்டுக் கானாவைக் கேட்டிராத பலருக்கு இது ராக் இசையின் கோபம். கேட்டு வளர்ந்தவர்களுக்கோ, அழுகைக்கு நடுவே சிரிக்கவைக்கும் பழைய நள்ளிரவுப் பாட்டு ஒலிபெருக்கியோடு வந்திருந்தது. கித்தார் சேர்த்தால் கானா கெட்டுவிடும் என்ற வாதம் எனக்கு ஒப்புதல் இல்லை. புல்புல்தாரா என்ன, சங்க காலத்துக் கருவியா? சினிமாவில் காணாமல்போன ஒன்று இந்த மேடையில் பாதி திரும்பியது: பாடகர் விட்ட அடியைக் கூட்டம் திருப்பிச் சொன்னது. மீதிப் பாதி, காதில் ஓதுகிற பக்கத்து ஆள், இவ்வளவு பெரிய மைதானத்தில் எங்கே உட்காருவார்?

அவர் உட்கார்ந்த பாட்டும் ஒன்று உண்டு. இந்த மேடைக்கு ஓராண்டு முந்தையது. டென்மாவோடு 'குரங்கன்' என்ற ராக் குழுவில் இருந்த கபேர் வாசுகி எழுதியது. அந்தப் பாட்டுக்கும் முன்பே, 2015-ல், சென்னையின் ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப், அமெரிக்க ராப் பாடகி நிக்கி மினாஜின் ஆட்டப் பாட்டொன்றின் மெட்டில் கொடைக்கானல் பாதரசக் கழிவைப் பற்றிப் பாட, அதை நிக்கி மினாஜே பகிர்ந்தார். அடுத்த ஆண்டு, அந்தக் கழிவுக்குக் காரணமான தொழிற்சாலையை நடத்திய யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பல ஆண்டுப் போராட்டத்தின் பலன் அது. பாட்டு கடைசியில் ஒரு தள்ளு கொடுத்தது. அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருந்த சூழலியல் நண்பர்கள் வட்டம் அடுத்து வந்து நின்றது எண்ணூரில்.

எண்ணூர் கழிமுகத்தைச் சுற்றி 1970-ல் அனல்மின் நிலையம் வந்தது, 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல் துறைமுகம். சாம்பல் ஆற்றில் படிந்தது. இறால் குறைந்தது. வலையில் மீனுக்குப் பதில் சேறு வந்தது. இதை 2017 பொங்கல் சமயத்தில் கபேர் வாசுகி மெட்ராஸ் பாஷையில் எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைக்க, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா இந்தக் கரையிலேயே உட்கார்ந்து பாடினார். 'சென்னைப் புறம்போக்குப் பாடல்'. எல்லோருக்கும் பொதுவான நிலம் என்ற பொருள் தேய்ந்து வசவாகிப்போன சொல் ஆனந்தபைரவியில் ஒலித்தது. சபாவில் பழகிய ரசிகர்களில் சிலர் நெளிந்தார்கள், சிலர் கண்கலங்கினார்கள். பாட்டில் குப்பத்தின் பேச்சும் குப்பத்தின் சங்கதியும் இருந்தன. ராகம் மட்டும்தான் மயிலாப்பூரிலிருந்து வந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 28-ம் தேதி, எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கறுப்பு எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கெட்டியாக ஒதுங்கியது. இயந்திரத்தால் உறிஞ்சவும் முடியாத அளவுக்கு அது களிமண் போல இருந்தது. மீனவர்களும் மாணவர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் வரிசையாக நின்று, கானாவுக்குத் தாளம் தட்டுகிற அதே பிளாஸ்டிக் வாளிகளால் நாள்கணக்கில் அதை அள்ளினார்கள்.