மழையை விட்டு வன்னிக்கு

தண்ணி இருக்கிற இடத்தைத் தேடித்தான் சனம் போகும் எண்டு நினைப்போம். ஆனால் 1970களில் மலையகத்தின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மறுதிசையில் போயின. இரண்டு பருவமழையும் கிடைக்கிற தேயிலை மலைகளை விட்டு, மாரி மழையை மட்டும் நம்புகிற வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தன.

ஏன்? 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்கள் பட்டினி கிடந்தன. 1977 கலவரத்தில் அடியும் விழுந்தது. மழை இருந்தது, பாதுகாப்பு இல்லை.

இதே உலர் வலயத்தில்தான் 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. அங்கே அரசு குளம் கட்டி, வாய்க்கால் வெட்டி, காணியும் கொடுத்து ஆக்களைக் குடியேற்றியது. மலையக மக்களுக்கோ பெரும்பாலும் காடு வெட்டின மேட்டுக்காணிதான். வாய்க்கால் வராது, பலரிடம் உறுதியும் இல்லை. தோட்டத்துரையை விட்டு வந்தவர்களில் பலர் இங்கேயும் எங்கட ஆக்களின் வயலில் கூலிக்குத்தான் நிண்டார்கள்.

வெயில் எல்லாருக்கும் ஒண்டுதான். ஆருக்கு வாய்க்கால், ஆருக்கு வெறும் மேடு என்பதை வானம் முடிவு செய்யவில்லை. அரசைக் கேட்கிற இந்தக் கேள்வியை எங்களையும் கேட்கவேணும்.