சரி, ரத்து, அப்ளை: பொத்தான்களின் அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

1990களின் இறுதியில் எங்கள் பத்திரிகை பக்கம் கட்டப்பட்ட டி.டி.பி. மையத்தில் ஒரு அண்ணன் இருந்தார். எதை மாற்றினாலும் முதலில் 'அப்ளை', பிறகு 'ஓகே' என்று இரண்டையும் அமுக்குவார். "ஓகே மட்டும் போதாதாண்ணே?" என்று கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும் தம்பி. எது வேலை செய்யுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அந்த 'எதுக்கும் இருக்கட்டும்' என்பதற்குள் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது.

1983இல் வெளியான ஆப்பிளின் லிசா கணினியை உருவாக்கியபோது, உரையாடல் பெட்டியின் பொத்தானுக்கு 'டூ இட்' என்றுதான் முதலில் பெயரிட்டார்கள். 'ஓகே' பேச்சுமொழி என்று ஒதுக்கப்பட்டது. பயனர்களை வைத்துச் சோதித்தபோது சிலர் அந்த இடத்தில் வந்து தயங்கினார்கள். ஒருவர் எரிச்சலோடு, இது ஏன் என்னை மடையன் என்கிறது என்று கேட்டாராம். மெக்கின்டாஷ் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் இதைப் பதிவு செய்திருக்கிறார். இரு சொற்களுக்கிடையே போதிய இடைவெளி இல்லை. பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் ஒன்றுபோலத் தெரிந்தன. 'டூ இட்' என்பது 'டோல்ட்' ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் மடையன். பொத்தானை 'ஓகே' என்று மாற்றினார்கள்.

இதில் சதி எதுவும் இல்லை. ஆனால் விளைவு கவனத்துக்குரியது. 'செய்' என்பது மனிதன் எந்திரத்துக்கு இடும் கட்டளை. 'ஓகே' என்பது வேறு யாரோ முன்வைத்ததற்கு நாம் தரும் சம்மதம். கட்டளையிட்டவன் தலையாட்டுபவனாக மாறியது இப்படித்தான். அந்தச் சொல்லேகூட 1839இல் பாஸ்டன் நாளிதழ் ஒன்றில், 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே பிழையாக எழுதிச் சுருக்கிய பகடியாக அச்சேறியதுதான்.

1995இல் விண்டோஸ் 95 வந்தது. கணினியை நிறுத்தவும் 'ஸ்டார்ட்' பொத்தானிடம்தான் போக வேண்டும் என்ற கேலி எல்லோரும் அறிந்தது. என்னைக் கேட்டால், பண்புப் பெட்டிகளின் அடியில் வரிசையாக நின்ற மூன்று பொத்தான்கள்தான் அதைவிடப் பெரிய குழப்பம். 'ஓகே' என்றால் மாற்று, மூடு. 'கேன்சல்' என்றால் மாற்றாதே, மூடு. 'அப்ளை' என்றால் மாற்று, மூடாதே. ஓகேவுக்குள் அப்ளை ஏற்கெனவே அடக்கம் என்பதை எந்த எழுத்தும் சொல்லவில்லை. சரி, அப்ளையை அமுக்கிவிட்டுக் கேன்சலை அமுக்கினால் எது ரத்தாகும்? அமலானது எதுவும் மீளாது. அதற்குப் பின் தொட்டவை மட்டுமே போகும். 'ரத்து' என்ற சொல் இங்கே பாதிப் பொய்.

இது தவிர்க்க முடியாத விதியும் அல்ல. 1984இன் மெக்கின்டாஷ் கட்டுப்பாட்டுப் பலகையில் தொட்டதும் மாறியது. 2002இல் வந்த க்னோம் 2, விருப்பத் தேர்வுகளுக்கு உடனடி மாற்றத்தையே நெறியாக்கியது. பாதி தட்டிய வலையமைப்பு முகவரி உடனே அமலாகிவிடக் கூடாது என்பது நியாயம்தான். அதற்காகத் திரையின் பின்னணி நிறத்துக்கும் மூன்று பொத்தானா?

அண்ணனிடம் திரும்புகிறேன். ஒருநாள் இரவு பதினாறு பக்கத் திருத்தங்களை முடித்துவிட்டுக் கோப்பை மூடினார். பக்கம் கட்டும் மென்பொருள் ஆங்கிலத்தில் கேட்டது: மாற்றங்களைக் கைவிடவா? ஓகே, கேன்சல். வேலை முடிந்தது, எல்லாம் சரி என்ற நினைப்பில் ஓகேவை அமுக்கினார். அத்தனையும் போயிற்று. 'கைவிடு', 'வைத்துக்கொள்' என்று வினைச்சொல்லையே பொத்தானில் எழுதியிருந்தால் அவர் கை தயங்கியிருக்கும். வினையை இழந்த பொத்தான் வாசகனிடமிருந்து பொருளையும் பறிக்கிறது. தமிழில் 'சரி', 'ரத்து' என்று பெயர்த்தாலும் இதே கதைதான். 'ரத்து செய்யவா?' என்ற கேள்விக்கு 'ரத்து' என்பது ஆமாவா, இல்லையா?

நான் மென்பொருளைத் திட்டினேன். அண்ணன் திட்டவில்லை. "அது சரியாத்தான் கேட்டுச்சு தம்பி, எனக்குத்தான் இங்கிலீசு வரல" என்றார். விடியவிடிய உட்கார்ந்து மறுபடி திருத்தினார்.

பயனரை மடையன் என்று சொல்வதாகத் தோன்றியதால் ஒரு சொல்லையே மாற்றினார்கள். அதற்குப் பதிலாக வந்த சொல்லின் முன் உட்கார்ந்து, அந்த மனிதர் தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டார். இதைச் சோதித்துப் பார்க்க அங்கே யாரும் இல்லை.