கோப்பிக் கொட்டையின் தரம்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

இலங்கையின் கோப்பிக் காலத்தைப் பற்றி எழுதியோர் காணி, மூலதனம், தென்னிந்தியத் தொழிலாளரின் வருகை ஆகிய மூன்றையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். கோப்பிக் கொட்டையின் தரம் எவ்வாறு வகுக்கப்பட்டது என்ற வினாவோ வணிகரின் தொழில்நுட்ப விடயமென ஒதுக்கப்பட்டுவிட்டது. தரம் என்பது கொட்டையில் இயல்பாகவே உறைவது, வணிகன் அதனைக் கண்டறிந்து பெயரிடுகின்றான் என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். இலங்கையின் பத்தொன்பதாம் நூற்றாண்டு அனுபவம் இவ்வெண்ணத்தை முற்றாக ஆதரிப்பதன்று.

அக்காலத்து ஏற்றுமதிக் கணக்குகளில் கோப்பி இரு தலைப்புகளின் கீழ்ப் பதியப்பட்டது. ஒன்று தோட்டக் கோப்பி. மற்றையது சுதேசக் கோப்பி. இரண்டும் அராபிக்கா இனமே. கண்டிப் பிரதேசக் கிராமத்தவர் வீட்டை அண்டி விளைந்த பழத்தைத் தோலோடு வெயிலில் உலர்த்தி, உரலிலிட்டுக் குற்றி விற்றனர். முஸ்லிம் வணிகரும் கரையோரச் சிங்கள வணிகரும் அதனை வாங்கிக் கொழும்புக்கு அனுப்பினர். ஐரோப்பியர் தோட்டங்களில், 1837இல் ஆர். பி. டைட்லர் கொணர்ந்த யமேய்க்கா முறை பரவியது. அங்கே பழம் பறித்தவுடன் சதைநீக்கும் பொறியில் இடப்பட்டது. பசை புளித்து நீங்கும்வரை தொட்டியிற் கிடந்து, ஓடும் நீரிற் கழுவப்பட்டு, மெல்லோட்டுடன் உலர்த்தப்பட்டது.

இம்முறையாற் கொட்டை ஒரே சீரான நிறத்தையும் தூய சுவையையும் பெற்றதென்பது உண்மையே. சுதேசக் கோப்பி குறைந்த விலை பெற்றதை வெறும் இனத்துவேஷமென்று தள்ளிவிட இயலாது. ஆயின் பொறியும் தொட்டியும் மலையருவியும் எவர் கையில் இருந்தன என்ற வினாவை அப்பெயர் மறைத்துவிடுகின்றது. கழுவிய கோப்பி, கழுவாத கோப்பி எனப் பெயரிட்டிருப்பின் வேறுபாடு செய்முறையினுடையது என்பது எவர்க்கும் விளங்கியிருக்கும். 'சுதேசம்' என்ற சொல் அக்குறையைப் பயிரிட்டவன்மேல் ஏற்றிற்று.

தோட்டக் கோப்பியின் தரமும் தோட்டத்தில் முற்றுப்பெறவில்லை. மெல்லோட்டுக் கோப்பி மாட்டுவண்டியிலும், 1867இல் கண்டிப் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட பின்னர் புகையிரதத்திலும் கொழும்புப் பண்டசாலைகளை அடைந்தது. ஆங்கு மீண்டும் களத்தில் உலர்த்தி, பார உருளைகளின் கீழிட்டு ஓடு நீக்கி, தூற்றி, சல்லடையாற் பருமன் பிரித்தனர். இறுதி வேலை பெண்களுடையது. கறுத்தது, உடைந்தது, ஓடு நீங்காதது யாவற்றையும் அவர்களே கையாற் பொறுக்கி அகற்றினர்.

பொறுக்கி எறியப்பட்ட ஒவ்வொரு கொட்டையும் முன்னர் நடந்த ஏதோ ஒரு வேலையின் சாட்சி எனலாம். முதிராத பழமும் நிலத்தில் விழுந்து கிடந்த பழமும் கறுப்புக் கொட்டையைத் தரும். சதைநீக்கும் பொறியின் இடைவெளி குறுகின் கொட்டை வெட்டுப்படும். தொட்டியில் மிகுநேரம் கிடந்தது புளிக்கும்; காய்ச்சல் போதாதது பூஞ்சணம் பிடிக்கும். இவற்றையெல்லாம் நிறத்தாலும் மணத்தாலும் கணப்பொழுதில் இனங்கண்ட அறிவு, கூலிப் பதிவேட்டில் வெறும் உடலுழைப்பாகவே இடம்பெற்றது. மதிப்பிடும் நிபுணன் எனப் பெயர் பெற்றவன், அவர்கள் துப்புரவாக்கிய மாதிரியை லண்டன் மின்சிங் லேனில் கையிலெடுத்துப் பார்த்தவனே.

அங்கே பெரிது, நடுத்தரம், சிறிது எனப் பருமன் வாரியாக விலை கூறப்பட்டது. பழத்தில் இரண்டுக்குப் பதிலாக ஒன்றே விளையும் உருண்டைக் கொட்டை தனித் தரமாயிற்று. உடைந்த கழிவுக்குப் பெயர் 'திரியாஜ்'. தெரிந்தெடுத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. முதலாம் உலகப் போரிற் காயமுற்றோரை வகைப்படுத்த மருத்துவர் கையாண்டதும் இச்சொல்லே.

1870ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியாயிற்று. ஆனால் 1869இல் மடுல்சீமைப் பகுதியில் காணப்பட்ட இலைத்துரு நோய் அதற்குள் பரவத் தொடங்கியிருந்தது. இலையுதிர்ந்த செடியின் பழம் நிரம்புவதில்லை. கொட்டை சிறுத்தும் கறுத்தும் போகும். நோயின் கொடுமை ஏற்றுமதி அளவில் மட்டுமன்றி, சல்லடையிலும் பெண்களின் கழிவுக் கூடையிலும் தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கைக் கோப்பி வீழ்ச்சியுற்ற காலத்திலேயே, 1882இல், நியூயோர்க் கோப்பிச் சந்தை நிறுவப்பட்டது. இனி விளையவிருக்கும் கோப்பியையும் விற்கும் இடம் அது. காணாத பொருளை விற்பதற்குப் பெயர்கள் போதா, எண்கள் வேண்டும். பின்னர் நிலைபெற்ற பிரேசில் முறையில் 300 கிராம் மாதிரியில் குறைகள் எண்ணப்படுகின்றன. ஒரு முழுக் கறுப்புக் கொட்டை ஒரு குறை. ஐந்து உடைந்த கொட்டைகள் சேர்ந்து ஒரு குறை. 26 குறை உடையது நான்காம் வகை. 360 உடையது எட்டாம் வகை. பயிரிட்டவனின் இனம் இக்கணக்கில் இல்லை. உழைப்பின் சாட்சியான கொட்டையோ வெறும் கழித்தற் புள்ளியாகிவிட்டது.

பழைய பெயரின் ஒரு பாதி இந்தியாவில் இன்றும் வழக்கிலுண்டு. அங்கே கழுவிப் பதனிட்ட அராபிக்காவின் தரப்பெயர் 'பிளாண்டேஷன்'. தோலோடு உலர்த்தியது 'செரி'. 6.65 மில்லிமீற்றர் சல்லடையில் தங்குவது 'பிளாண்டேஷன் ஏ'. இந்தியக் கோப்பிச் செய்கையாளரில் மிகப் பெரும்பாலோர் சிறு நிலமுடையோர். அவர்தம் கொல்லையில் விளைந்து கழுவப்பட்ட கொட்டையும் 'தோட்டம்' என்ற பெயருடனேயே கப்பலேறுகின்றது.