மந்த காலமும் விளையாட்டுப் பெட்டியும்

ஆந்திராவின் நாராயணவனத்துத் தலபுராணத்தில், ஆகாசராஜன் மகள் பத்மாவதியை மணக்கப் பெருமாள் குபேரனிடம் கடன் வாங்குகிறார். கையில் காசில்லை என்று முகூர்த்தம் தள்ளிப்போகவில்லை. குடும்பச் செலவுகளில் இப்படித் தள்ளிப்போட முடியாதவை சில, தள்ளிப்போடக்கூடியவை பல. வீடியோ கேம் பெட்டி, அதாவது கன்சோல், இரண்டாவது வகை. ஆகவே, பொருளாதாரம் தளர்ந்தால் முதல் அடி அதன் விற்பனைக்குத்தான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வரலாறு அவ்வளவு நேராகப் போகவில்லை. தளர்ச்சி வந்த நேரத்தில் பெட்டியின் விலை இறங்கியதா, ஏறியதா என்பதே விற்பனையை அதிகம் தீர்மானித்திருக்கிறது.

அமெரிக்காவில் மந்தநிலை 2007 டிசம்பரில் தொடங்கி, 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்ததும் முற்றியது. அதே 2008இல் அங்கே வீடியோ கேம் சில்லறை விற்பனை 19 சதவீதம் உயர்ந்து 2,130 கோடி டாலரைத் தொட்டது. அடி 2009இல்தான் விழுந்தது. அந்த ஆண்டு விற்பனை 8 சதவீதம் சரிந்தது. நிறுவனங்கள் கைகட்டி நிற்கவில்லை. சோனி ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 2இன் விலையை 99 டாலராக்கியது; ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 3ஐ 399இலிருந்து 299க்கு இறக்கியது. செப்டம்பரில் நின்டெண்டோவின் வீ 249இலிருந்து 199க்கு வந்தது. வேலையின்மை 10 சதவீதத்தை ஒட்டியிருந்த அந்த டிசம்பரில், அமெரிக்காவில் மட்டும் 38 லட்சம் வீ பெட்டிகள் விற்றன. வேலை போனவர் எந்த விலைக்கும் வாங்கமாட்டார் என்பது உண்மை. ஆனால் சந்தையில் பெரும்பகுதி, சம்பளம் வந்துகொண்டிருந்தும் நாளை என்ன ஆகுமோ என்று காத்திருந்தவர்கள். விலைக்குறைப்பு அவர்களின் காத்திருப்பை முடித்துவைத்தது.

1983இல் அமெரிக்க கேம் நிறுவனமான அட்டாரி சரிந்ததே, அது மந்தநிலையின் வேலை இல்லையா என்று கேட்கலாம். தேதிகளைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. அமெரிக்க மந்தநிலை 1982 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. கேம் தொழில் கவிழ்ந்ததோ பொருளாதாரம் நிமிர்ந்த பிறகு. கடைகளில் தரமற்ற கேசட்டுகள் மலைபோல் குவிந்ததும், வாங்கியவர்கள் நம்பிக்கை இழந்ததுமே காரணம். அட்டாரியின் விற்காத சரக்கை 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். மறுபக்கம், நிலம், பங்கு விலைகள் சரிந்து ஜப்பான் தேங்கிக் கிடந்த காலத்தில்தான், 1994 டிசம்பரில், சோனியின் முதல் பிளேஸ்டேஷன் அங்கே கடைக்கு வந்து வென்றது.

இந்தியாவுக்கு வந்தால் விலையின் கை இன்னும் ஓங்குகிறது. 1995இல் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் பெட்டியை ஷா வாலஸ் இங்கே கொண்டுவந்தது. 80 சதவீத இறக்குமதி வரியைத் தவிர்க்கத்தான் அந்த ஏற்பாடு. அப்படியும் விலை 18,000 ரூபாய். நாடு தாராளமயமாகி வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது மெகா டிரைவ் அல்ல, நின்டெண்டோவின் பழைய பெட்டியைப் பார்த்துச் செய்த மலிவான 'டிவி கேம்'. இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, '9999 இன் 1' என்று ஒட்டிய கேசட். ஆன்டெனா துளையில் வயரைச் செருகி, படம் தெரியும்வரை சேனலைத் திருக வேண்டும். பட்டியலின் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் பெரும்பாலானவை சிலவற்றின் மறுபதிப்பே. அது தெரிந்தும் வாங்கினார்கள்.

விசைத்தறிகளை நம்பிப் பிழைக்கும் நாராயணவனத்தில் கன்சோலைப் பற்றிப் பேசி என்ன பயன், அங்கே கையில் இருப்பது போன்தானே என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பே இந்த வாதத்துக்குச் சாட்சி. நாகலாபுரம் தாண்டிக் கிழக்கே, சத்தியவேடு பக்கத்து ஸ்ரீசிட்டியில் பாக்ஸ்கான் ஆலை 2015இல் ஷாவ்மி போன்களைத் தயாரிக்கத் தொடங்கியது. முதலில் வந்த ரெட்மி 2 பிரைம் 6,999 ரூபாய். பேச, படம் பார்க்க, விளையாட எல்லாவற்றுக்கும் ஒரே செலவு. நூல் விலை ஏறிச் சேலை தேங்கும் மாதத்திலும் போன் தேவைக் கணக்கில் சேரும். கன்சோல் ஆசைக் கணக்கிலேயே நிற்கும்.

ஊரடங்குக் காலத்தில் பொருளாதாரம் சுருங்கியும் கன்சோல் விற்றதே என்றால், அதை இந்த வாதத்துக்கு ஆதாரமாக்கக் கூடாது. மக்கள் வீட்டில் அடைபட்டதே அங்கே முதல் காரணம். அதன்பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு இந்தியா வந்த பிளேஸ்டேஷன் 5, 2022 நவம்பரில் 54,990 ஆனது. இடையில் டாலர் சுமார் 73 ரூபாயிலிருந்து 82ஐ நெருங்கியிருந்தது. நாடு வளர்ந்தபோதே பெட்டி எட்டாமல் விலகியது. வேலையில்லாத் திண்டாட்டத்தால் வரும் மந்தத்தில் உற்பத்தியாளர் விலையைக் குறைத்துத் தப்பிக்கலாம். பணவீக்கமும் நாணயச் சரிவும் அந்த வழியையே அடைத்துவிடுகின்றன. ஆகவே, கன்சோல் கடைக்காரர் வளர்ச்சி விகிதத்தைவிட டாலர் விலையை உன்னிப்பாகப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

(தொடரும்)